ஆற்றுப்படுத்துநர் ஆவதற்கான வழி: படிப்பு, பயிற்சி மணிநேரம், பதிவு

நாகர்கோவிலில் ஒருவர் தம்மைக் ‘கவுன்சிலர்’ என்று அறிமுகம் செய்துகொண்டால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது ‘எந்த வார்டு?’ என்பதாகத்தான் இருக்கும். ‘கவுன்சிலிங்’ என்றாலோ, பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுதான் நினைவுக்கு வரும். மனத்துயரோடு வருபவரிடம் அமர்ந்து பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம் என்பதும், அவர்களுக்கென்று ஒரு படிப்பும் பயிற்சியும் பதிவும் உண்டு என்பதும் நம் மாவட்டத்தில் இன்னும் பலருக்குத் தெளிவாகத் தெரியாத செய்திகளாகவே இருக்கின்றன. கல்லூரி இறுதியாண்டு மாணவிகளும், வெளிநாடு செல்ல நினைக்கும் செவிலியர்களும், பணி ஓய்வை நெருங்கும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று இருக்கும். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் நம்பிக்கை மையங்களில் ‘ஆலோசகர்’ என்பார்கள். பத்திரிகைகள் ‘மனநல ஆலோசகர்’ என்று எழுதுகின்றன. மூன்றும் ஏறத்தாழ ஒரே தொழிலைக் குறிப்பவை. நான் முதல் சொல்லையே பயன்படுத்துகிறேன், ஒரு சிறு மனக்குறையோடு. ஆற்றுப்படை நூல்களில், பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர் எதிரே வறுமையோடு வருபவரிடம் ‘இந்த வழியாகப் போ, இன்ன வள்ளலைக் காண்பாய்’ என்று வழி சொல்லி அனுப்புவார். இந்தத் தொழிலில் இருப்பவரோ அப்படி வழி சொல்லக் கூடாதவர். ஆனாலும் ‘ஆற்றுதல்’ என்பதற்குச் சூட்டைத் தணித்தல் என்ற பொருளும் இருப்பதால் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளலாம். ‘ஆலோசகர்’ என்ற சொல்லில் அந்த வசதிகூட இல்லை.

‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்

குழப்பத்தின் வேர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டம் செல்லுபடியாகும் என்பதற்கும் அங்கீகாரம் என்கிறோம். ஒரு தொழில்சார் சங்கம் தன் உறுப்பினராக ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கும் அங்கீகாரம் என்கிறோம். நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒரு பதிவேட்டில் ஒருவருடைய பெயர் ஏறுவதற்கும் அதே சொல்தான். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது மூன்றாவது வகை. பேருந்து நிலையத்துச் சுவரில் ‘அரசுப் பதிவு பெற்ற நிறுவனத்தின் ஆறு மாத கவுன்சிலிங் டிப்ளமோ’ என்று ஒட்டப்பட்டிருந்தால், அதை எழுதியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் எந்தச் சங்கமும் பதிவு செய்துகொள்ள முடியும். தெருவில் இருக்கும் விளையாட்டு மன்றமும் அவ்வாறு பதிவு பெற்றதாக இருக்கலாம். அங்கே பதிவானது அந்தச் சங்கம் மட்டுமே. அதில் படித்து முடித்தவரின் பெயர் எந்தத் தொழில்முறைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இதைச் சொல்வதால் குறுகிய காலப் பயிற்சிகள் எல்லாம் வீண் என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். மற்றவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கப் பழகுவதற்கும், இந்தத் தொழில் தமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்வதற்கும் எட்டு அல்லது பத்து வாரப் பயிற்சி நல்ல தொடக்கம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, கீழமணக்குடி போன்ற கடலோர ஊர்களில் மக்களோடு உட்கார்ந்து பேசிய தொண்டர்கள் பலருக்குக் கிடைத்தது சில நாள் பயிற்சிதான். அவர்கள் செய்தது பெரும்பணி. ஆனால் முதலுதவி கற்றவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆகிவிடுவதில்லை என்பது போலவே, அந்தப் பயிற்சியும் ஒருவரைத் தொழில்முறை ஆற்றுப்படுத்துநர் ஆக்கிவிடாது.

பயிற்சியில் என்ன நடக்கிறது

பாடத்திட்டத்தைவிட இதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத பகுதி இதுதான். வகுப்பில் மாணவர்களை மூவர் மூவராகப் பிரிப்பார்கள். ஒருவர் துயரத்தோடு வந்தவராகப் பேச வேண்டும். ஒருவர் ஆற்றுப்படுத்துநராகக் கேட்க வேண்டும். மூன்றாமவர் வாய் திறக்காமல், நடப்பதை நிமிடக் கணக்கோடு எழுத வேண்டும். பிறகு இடம் மாறுவார்கள். என் முறை வந்தபோது, எதிரில் இருந்த தோழி, 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு தாயாகப் பேசினார். அவரும் மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர் என்பதால் அந்தப் பேச்சு நடிப்பாக இருக்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் மூன்றாமவர் தம் தாளைப் படித்தார். நான் பதினொரு கேள்விகள் கேட்டிருந்தேன். அவற்றில் ஒன்பது, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடித்துவிடக்கூடியவை. நான்காவது நிமிடத்தில் அந்தத் தாய், “அவனுக்க சட்டை இப்பவும் கொடியிலதான் கிடக்கு” என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்து நான் கேட்டது: “எத்தனை வருசம் ஆச்சு?”

மேற்பார்வையிட்ட பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. அந்தச் சட்டையைப் பற்றிப் பேச அந்தம்மா தயாராக இருந்தார், நீ வருடக் கணக்குக்குப் போய்விட்டாய், ஏன் போனாய் என்று மட்டும் கேட்டார். சட்டையைத் தொட்டால் அவர் அழுதுவிடுவார் என்று எனக்குப் பயம். என் பயத்துக்காக அவருடைய பேச்சைத் திசைதிருப்பிவிட்டேன். உடல் கிடைத்த வீட்டில் சடங்கு நடக்கும், ஏழாம் நாளோ நாற்பதாம் நாளோ வரும், ஊர் வந்து அழும். உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவரிடம் ‘மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது, மகன் இறந்துவிட்டான் என்று தாயையே தீர்ப்புச் சொல்ல வைப்பதற்குச் சமம். இதை நூலில் படிக்கலாம், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கலாம். ஆனால் சட்டை என்ற சொல் காதில் விழும் அந்த நொடியில் நாம் எங்கே ஓடுகிறோம் என்பதை இன்னொருவர் பார்த்துச் சொன்னால் ஒழிய நமக்குத் தெரியாது.

ஆகவேதான் உலகின் பல நாடுகளில் இந்தத் தொழிலின் பயிற்சியை ‘எத்தனை பாடம்’ என்று அளப்பதோடு நிறுத்தாமல், ‘மேற்பார்வையில் எத்தனை மணிநேரம்’ என்றும் அளக்கிறார்கள். மேற்பார்வையாளர் என்பவர் இங்கே அலுவலக மேலாளர் போன்றவர் அல்லர். நாம் சந்தித்த ஒவ்வொருவரையும் பற்றி, பெயரை மறைத்து, அவரிடம் விவரிக்க வேண்டும். எங்கே தடுமாறினோம், யார்மேல் எரிச்சல் வந்தது, யாருக்காக அளவுக்கு மீறி இரங்கினோம் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆனவர்களும் மேற்பார்வைக்குப் போகிறார்கள்.

சட்டமும் பயிற்சியின் ஒரு பகுதிதான். எடுத்துக்காட்டாக, புதிதாகச் சேருபவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்; தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அதனால், இரகசியத்தின் எல்லை எது என்பதை முதல் சந்திப்பிலேயே, பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடப் பழக்குகிறார்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது துரோகமாகிவிடும்.

நேரான வழி

இன்றைய நிலையில், தமிழ்நாட்டில் ஒருவர் தேர்ந்துகொள்ளக்கூடிய உறுதியான வழி, உளவியலிலோ சமூகப்பணியிலோ இளநிலைப் பட்டமும், அதற்குமேல் இரண்டாண்டு முதுநிலைப் பட்டமும் ஆகும். ஆற்றுப்படுத்தல் உளவியல் என்ற தனிப் பெயரிலேயே எம்.எஸ்சி. படிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகமும் சென்னை சமூகப்பணிப் பள்ளியும் நடத்துகின்றன. ஆனால் நாகர்கோவிலிலிருந்து சென்னை ஓர் இரவுப் பயணம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அதைவிட நெருக்கமானது திருவனந்தபுரம். ஸ்ரீகாரியத்தில் இருக்கும் லயோலா சமூக அறிவியல் கல்லூரியிலும் ஆற்றுப்படுத்தல் உளவியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பகுதியினருக்கு மலையாளம் காதுக்குப் பழக்கமான மொழி என்பதால் களப்பயிற்சியில் சிரமம் குறையும். வேறு பாடத்தில் இளநிலை முடித்தவரைச் சேர்ப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்வதே சரி.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் தக்கலையில் வந்து உட்காரும் தாத்தா ‘நெஞ்சடைக்குது’ என்பார், குலசேகரத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் அக்கா ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பார். அந்த ‘ஒரு மாதிரி’க்குள் அச்சம் இருக்கிறதா, வெட்கம் இருக்கிறதா, மூன்று நாள் தூக்கமின்மை இருக்கிறதா, அல்லது உண்மையிலேயே இதய நோய்தான் இருக்கிறதா என்று பிரித்தறியும் பயிற்சி, தமிழில் பேசும் களத்தில் மட்டுமே கிடைக்கும். களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கல்லூரியில் கேட்பது அதனால் முக்கியம்.

அஞ்சல் வழியில் படிக்கலாமா என்ற கேள்விக்கு முன்பு சுற்றி வளைத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது எளிது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கைப் பருவத்திலிருந்து தடை செய்திருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படித்து முன்னேறும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்தில் இது பலருக்கு இடி போன்ற செய்திதான். தடையின் நோக்கம் எனக்கு உடன்பாடே. மாலை வகுப்புகளாவது பெருகியிருந்தால் இன்னும் உடன்பட்டிருப்பேன்.

மூன்று சட்டங்கள்

இந்தியாவில் யார் எதைச் செய்யலாம் என்பதை மூன்று சட்டங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. மூத்தது 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம். மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர் போன்றோர் இந்தக் குழுவின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்த பிறகே தொழில் செய்ய முடியும். பதியாமல் செய்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இந்தப் பதிவுக்கு நெடுங்காலம் வாசலாக இருந்தது, பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் முழுநேரமாக இரண்டாண்டு படிக்கும் எம்.பில். மருத்துவ உளவியல். நாடு முழுவதும் எம்.பில். படிப்பே கைவிடப்பட்டுவரும் நிலையில், அந்த வாசல் வேறு பட்டங்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஆற்றுப்படுத்துநராக விரும்புபவர் கவனிக்க வேண்டியது ஒன்றே: மருத்துவ உளவியலாளர் என்பது வேறு தொழில்; நோயைக் கணிக்கும் உளவியல் சோதனைகளும் கடும் மனநோய்களுக்கான உளச்சிகிச்சையும் அவருடைய களம்.

அடுத்தது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். ‘மனநலத் தொழில்முறையாளர்’ யார் என்று அது தரும் பட்டியலில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவப் பிரிவில் பட்டமேற்படிப்பு முடித்தவரும் இருக்கிறார். வைத்தியர் குடும்பங்கள் மிகுந்த நம் மாவட்டத்தில் இதை அறிந்தவர் குறைவு. அந்தப் பட்டியலில் ஆற்றுப்படுத்துநர் என்ற பெயரே இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது 2021ஆம் ஆண்டின் துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். இதன் அட்டவணையில் நடத்தைசார் சுகாதார அறிவியல் என்ற பிரிவின்கீழ் உளவியலாளர், ஆலோசகர், எச்.ஐ.வி. மற்றும் குடும்ப நல ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோர் முதன்முறையாக இடம்பெற்றார்கள். சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற தகுதிக்குக் குறைந்தது 3,600 மணிநேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் பரவிய பட்டப்படிப்பு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. துணைத் தொழில்முறையாளருக்கு 2,000 மணிநேரம். பதிவேட்டைப் பேணுவது, இந்தச் சட்டப்படி அமையும் மாநிலக் குழுவின் பொறுப்பு. சுவரொட்டியில் பார்த்த ஆறு மாத டிப்ளமோவை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணிநேரம் இடைவிடாமல் நடத்தினாலும் 1,250 மணிநேரத்தை எட்டாது என்பது கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

பக்க வழிகள்

ஆசிரியர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு) நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனை டிப்ளமோ ஒரு மதிப்பான வழி. ஓராண்டுப் படிப்பு, ஆறு மாதம் தொலைவிலிருந்து படிப்பதும், மூன்று மாதம் நேரில் தங்கிப் பயில்வதும், மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சியும் சேர்ந்தது. நமக்கு அருகில் உள்ள மையம் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம். பள்ளியில் வேலை செய்ய இது நன்கு பயன்படும். தனி மையம் திறப்பதற்கான உரிமமாக இதைக் கருதக் கூடாது. செவிலியர்களுக்கு எம்.எஸ்சி. மனநலச் செவிலியம் உண்டு, அது முன்சொன்ன 2017 சட்டத்தின் பட்டியலுக்கே கொண்டு சேர்க்கக்கூடியது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கு நம்பிக்கை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குடும்ப நல நீதிமன்றம் போன்ற இடங்களில் வாய்ப்பு உண்டு. பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள், தொகுப்பூதியம். அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. பள்ளி, கல்லூரிகளில் தேவை கூடும் என்று நம்ப ஒரு காரணம் இருக்கிறது: நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது.

வெளிநாடு

“இங்க படிச்சா லண்டன்ல செல்லுமா சார்?” என்று கேட்காத செவிலியர் இல்லை. பிரிட்டனில், வியப்பாக, ‘கவுன்சிலர்’ என்ற பெயருக்கு இன்றும் சட்டக் காவல் கிடையாது, யாரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலை கொடுப்பவர்கள் தொழில்சார் சங்கப் பதிவைக் கேட்பார்கள். அங்குள்ள பெரிய சங்கமான பி.ஏ.சி.பி.யில் சேர, நேரடி வகுப்பாக ஓராண்டு முழுநேரமோ ஈராண்டு பகுதிநேரமோ நடந்த பயிற்சியும், அதில் குறைந்தது 100 மணிநேரம் மேற்பார்வையுடன் உண்மையான நபர்களைச் சந்தித்த களப்பயிற்சியும் வேண்டும். அதற்கும் மேற்பட்ட அங்கீகார நிலைக்கு, மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் 450 மணிநேரம் பணி செய்திருக்க வேண்டும், அதில் 150 மணிநேரமாவது படிப்பு முடிந்த பிறகானதாக இருக்க வேண்டும், மாதம் ஒன்றரை மணிநேரம் மேற்பார்வை பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலங்கள்தான் உரிமம் தருகின்றன. முதுநிலைப் பட்டமும், அதன்பின் ஆயிரக்கணக்கான மணிநேர மேற்பார்வைப் பணியும், எழுத்துத் தேர்வும் பொதுவான நிபந்தனைகள். வாட்ஸப்பில் வரும் ‘உலகத் தர அங்கீகாரம், வார இறுதி வகுப்பு’ விளம்பரங்களை இந்த எண்களை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முன்

கல்லூரியையோ நிறுவனத்தையோ நேரில் போய்ப் பாருங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், களப்பயிற்சி எந்த மருத்துவமனையில் அல்லது மையத்தில், வாரத்தில் எத்தனை மணிநேரம் மேற்பார்வை, மேற்பார்வையிடுபவரின் சொந்தத் தகுதி என்ன என்று கேளுங்கள். நான் முதன்முதலில் சேர நினைத்த ஓரிடத்தில் கட்டணத்தை உடனே சொன்னார்கள். மேற்பார்வை பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் இருக்கும் மக்களே, சேர்ந்த பெறகு பாத்துக்கலாம்” என்றார்கள். நான் அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன். முன்பணம் கட்டியிருந்த என் நண்பருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

சேர்ந்த நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. நானூறு பக்க நீள நோட்டு போதும். நாள், இடம், வந்தவரைக் குறிக்கும் எண் (பெயர் கூடாது), சந்திப்பு நீடித்த நிமிடங்கள், மேற்பார்வையாளர் பெயர், அவருடைய பதிவு எண், கையெழுத்து என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்கிவிட வேண்டும். மூன்று வருடம் கழித்து, வேறு ஊருக்கு மாறிப்போன மருத்துவரைத் தேடிப் பழைய மணிநேரங்களுக்குக் கையெழுத்துக் கேட்டால் அவரும் தரத் தயங்குவார். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட நகல், களப்பயிற்சி நடந்த நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றை இந்த நோட்டோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். மாநிலக் குழுவில் பதிவுக்கு விண்ணப்பித்தாலும், வெளிநாட்டுச் சங்கத்துக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்கப்படும் தாள்கள் பெரும்பாலும் இவைதான்.